உதவி: ஃப்ரீ பண்ணியும் மெமரி குறையல, ராத்திரியில ப்ரோகிராம் செத்துப் போகுது

ரேம்ப்_தம்பி (திங்கள், காலை 8:12)
வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. அவசரம். சி மொழியில எழுதுன ப்ரோகிராம் மெமரிய தின்னுக்கிட்டே போகுது, எடுத்த எல்லாத்தையும் ஃப்ரீ பண்ணி திருப்பிக் குடுத்துட்டேன், மெமரி அளவு காட்டுற டாப்ல பாத்தா எறங்கவே மாட்டேங்குது, காலையில வந்து தொறந்தா 'கில்ட்'னு ஒரே ஒரு வார்த்தை நிக்குது. மெமரி கேக்குற மால்லாக், இல்லன்னு நல் குடுத்தா லாக் ஃபைல்ல எழுதுற மாதிரி எல்லா எடத்துலயும் செக் வச்சிருக்கேன், லாக்ல ஒரு வரி கூட இல்ல. லோரி வரிசையா நிக்குது, தவுக்கே, அதான் மொதலாளி, போன் மேல போன் போடுறாரு. என்ன பண்றது?

கிந்தா_வாசி (8:20)
எந்த ஓஎஸ், எவ்ளோ ரேம், ப்ரோகிராம் என்ன வேல செய்யுது, ஒண்ணுமே சொல்லலயே லா. டாப்புன்னு சொல்றத வச்சு லினக்ஸ்னு எடுத்துக்குறேன். டாப்ல எந்த நம்பர பாக்குற, விர்ட்டா ரெஸ்ஸா? விர்ட்டுங்கறது கேட்டு வாங்கி வச்ச முகவரி அளவு, ரெஸ்ஸுதான் ரேம்ல நெஜமா உக்காந்திருக்கறது. அப்புறம் டிமெஸ்க் (ஓஎஸ் எழுதி வைக்கிற பதிவு) போட்டு கடைசி இருவது வரிய இங்க எழுது.

தைப்பிங்மழை (8:31)
தம்பி, ரேம் குச்சிய கழட்டி அழிரப்பரால தேச்சு திரும்ப மாட்டு. இந்த ஊர் ஈரத்துக்கு காண்டாக்ட் பச்சை புடிச்சிரும். நான் பாத்த கம்ப்யூட்டர்ல பாதிக்கு இதான் வியாதி.

சி_வாத்தியார் (8:47)
இத நான் எத்தன தடவ எழுதியாச்சு, யாரும் தேடிப் பாத்துட்டு கேக்கறதில்ல. ஃப்ரீ பண்ணா மெமரி நேரா ஓஎஸ்ஸோட மையமான கெர்னலுக்குப் போயிரும்னு நெனைக்கிறதே அடிப்படைத் தப்பு. ப்ரோகிராமுக்கும் கெர்னலுக்கும் நடுவுல ஜிலிப்சிங்கற சி லைப்ரரியோட மால்லாக் உக்காந்திருக்கு. அது கெர்னல்கிட்ட மொத்தமா வாங்கும், ஒனக்கு சில்லறையா குடுக்கும். வாங்குறதுக்கு ரெண்டு வழி, ஒண்ணு பிரேக், ஹீப்போட எல்லைய மேல தள்ளுறது. இன்னொண்ணு எம்மேப், தனித் துண்டா கேக்குறது. ஆரம்பத்துல 128 கேபிக்கு கீழ கேட்டா பிரேக், அதுக்கு மேல போனா எம்மேப். நீ திருப்பிக் குடுத்தத மால்லாக் தன் கைல வச்சுக்கும், அடுத்த தடவ கேக்கும்போது அதையே குடுக்கும். இது தெரியாம சி எழுத வரக்கூடாது.

லயத்துபையன் (9:02)
வாத்தியாரே, தெரியாததாலதான கேக்குறான். தம்பி, இப்படி நெனச்சுக்க. ஹீப்புங்கறது தோட்டத்து லயம் மாதிரி, வரிசையா ஒட்டி ஒட்டி வீடு. நடுவுல பத்து வீடு காலியானாலும் கடைசி வீட்டுல ஒரு குடும்பம் இருக்குற வரைக்கும் லயத்த சுருக்க முடியாது, ஏன்னா பிரேக் எல்லைய கடைசிலேந்துதான் கீழ எறக்க முடியும். எம்மேப் தனி வீடு, காலி பண்ண அன்னிக்கே நெலத்த திருப்பிக் குடுத்துரலாம். நான் பொறந்ததே லயத்துலதான், அதான் இது எனக்கு சட்டுனு புரிஞ்சிச்சு.

ரேம்ப்_தம்பி (மதியம் 1:15)
மன்னிச்சிக்கங்க, லோரி நெரிசல். சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை பழம் வாங்குற ரேம்ப்ல இருக்கேன். லோரி திம்பாங்ல ஏறுனதும் எடைய படிச்சு, கேமராவுல ஒரு படம் எடுத்து, ரசீது அடிக்கிற ப்ரோகிராம், சி மொழியில எழுதுனது. டெபியன் லினக்ஸ் 64 பிட், ரேம் 2 ஜிபி, ரேம் பத்தலன்னா டிஸ்க்ல எடுத்துக்குற ஸ்வாப் இல்ல. படம் 1920க்கு 1080, பிரிச்சு மெமரியில வச்சு சின்னதாக்கிதான் பிரிண்ட் பண்றேன். பகல்ல ரெஸ் 30 எம்பிகிட்ட ஏறி அப்படியே நிக்கும். டிமெஸ்க்ல 'அவுட் ஆஃப் மெமரி'ன்னு போட்டு நம்ம ப்ரோகிராம் பேரு இருக்கு, நேரம் ராத்திரி 10:50. ரேம் குச்சியும் தேச்சுட்டேன்.

கிந்தா_வாசி (1:28)
அப்ப ரெண்டு வெவ்வேற விஷயத்த ஒண்ணா போட்டு கொழப்பிட்டிருக்க. பகல்ல 30ல நிக்கிறது வியாதியே இல்ல. உன் படம் ஒண்ணு 6 எம்பிக்கு மேல, மொத தடவ எம்மேப்ல வாங்கும், நீ ஃப்ரீ பண்ணதும் ஜிலிப்சி அந்த 128 கேபி வரம்ப படத்தோட அளவுக்கே தூக்கிரும். 64 பிட்ல 32 எம்பி வரைக்கும் தூக்கும். ஒரு தடவ கேட்டவன் திரும்பத் திரும்ப கேப்பான்னு கணக்கு. அடுத்த படத்துலேந்து எல்லாம் ஹீப்புலதான் எடுக்கும், திருப்பி அனுப்பாம வச்சுக்கும். காலி மெமரிய திருப்பி அனுப்புற மால்லாக் ட்ரிம் கூப்புட்டா எறங்கும், ஆனா அதுக்கு அவசியமே இல்ல. ராத்திரி செத்தது வேற கதை. சாயங்காலத்துக்கு மேல லோரி இல்லாதப்ப ப்ரோகிராம் என்ன பண்ணிட்டிருக்கு? தெனம் சாவுதா, சில நாளா?

விண்டோஸ்_கடை (1:40)
நல் செக் வச்சும் லாக் ஏன் எழுதலன்னு யாருமே சொல்லலயே. லினக்ஸ் கைல இல்லாததக் கூட இருக்குன்னு சொல்லிரும். விண்டோஸ்ல குடுக்குறேன்னு ஒத்துக்கிட்ட (கமிட்) ஒவ்வொரு பைட்டுக்கும் ரேம்லயோ டிஸ்க்ல இருக்குற பேஜ்ஃபைல்லயோ எடம் கணக்கு வச்சிருக்கும், தீந்துபோச்சுன்னா மூஞ்சிக்கு நேரா இல்லன்னு சொல்லிரும், மால்லாக் நல் குடுக்கும். எது நேர்மை?

லயத்துபையன் (1:52)
555 புக்கு தெரியுமா? தோட்டத்து மளிகைக் கடையில கடன் எழுதுற சின்ன நோட்டு. சம்பளம் வரதுக்கு முன்னயே அரிசி, மாவு, பால் டின்னுன்னு எல்லாருக்கும் எழுதுவாரு கடைக்காரர். எல்லாரும் ஒரே நாள்ல மொத்தத்தையும் தூக்க மாட்டாங்கன்னு அவருக்குத் தெரியும். கெர்னலும் அப்படித்தான், மால்லாக் கேட்டப்ப நோட்டுல எழுதிக்கும், நீ மொத தடவ அந்தப் பக்கத்துல எழுதுறப்பதான் 4096 பைட் பக்கமா ரேம எடுத்து வைக்கும். எல்லாரும் ஒண்ணா வந்து கேட்டுட்டா ஒருத்தன கொன்னாத்தான் சரக்கு மிஞ்சும், அதான் ஓஓஎம் (அவுட் ஆஃப் மெமரி) கில்லர். கொல்லும்போது உன் செக்குக்கு வேலையே இல்ல. அது அனுப்புற சிக்கில் 9 சிக்னல ப்ரோகிராமால புடிக்கவும் முடியாது.

சி_வாத்தியார் (2:10)
அதுக்காக நல் செக் தேவையில்லன்னு யாரும் எடுத்துக்க வேணாம். யூலிமிட் கட்டளையால முகவரி அளவ கட்டுனா நல் வரும். 32 பிட்ல முகவரி தீந்தாலும் வரும். ஒரே தடவையில ரேமையும் ஸ்வாப்பையும் தாண்டி அபத்தமா கேட்டா சாதாரண செட்டிங்லயே மறுத்துரும். இருக்கறதுக்கு மேல ஒத்துக்கலாமாங்கற ஓவர்கமிட் செட்டிங்க 2ன்னு வச்சா விண்டோஸ் மாதிரியே கணக்கா இருக்கும்.

விண்டோஸ்_கடை (2:18)
அப்ப ஏன் எல்லாரும் 2 வைக்கறதில்ல?

சி_வாத்தியார் (2:31)
ஃபோர்க்குக்காக, அதாவது ஓடுற ப்ரோகிராம் (ப்ராசஸ்) தன்ன மாதிரியே ஒரு பிள்ளைய உண்டாக்குறதுக்காக. 1 ஜிபி ப்ராசஸ் ஒண்ணு ஃபோர்க் பண்ணா, பிள்ளைக்கும் 1 ஜிபி கணக்குல எழுதணும், ஆனா அது உடனே வேற ப்ரோகிராமா மாறிரும், அந்தப் பக்கங்கள தொடவே தொடாது. 2ல வச்சா அந்த ஃபோர்க்கே தோத்துரும். அதோட வரம்பு ஸ்வாப்பும் ரேம்ல பாதியும்தான், ஸ்வாப் இல்லாத இந்தத் தம்பி மிஷின்ல 1 ஜிபி. டெஸ்க்டாப்பு ஏறுனாலே மூச்சு முட்டும்.

விண்டோஸ்_கடை (2:36)
விண்டோஸ்ல ஃபோர்க்கே இல்லாம இத்தன வருஷம் ஓடுது. கணக்குல இல்லாத பொருள விக்கிறது எனக்கு ஒப்பாது, அவ்ளோதான்.

லயத்துபையன் (2:44)
அந்த 555 புக்கு இல்லன்னா எங்க அம்மா மாசக் கடைசியில அடுப்பு பத்த வச்சிருக்க முடியாது. ஒப்பாதுன்னு சொல்றது சுலபம்.

தைப்பிங்மழை (2:50)
சண்ட வேணாம். தம்பி பதில் சொல்லல. சில நாளான்னு கேட்டாரு கிந்தா அண்ணன்.

ரேம்ப்_தம்பி (செவ்வாய், காலை 7:05)
சில நாள்தான். நோட்டுல எழுதி வச்சது மூணு நாள், மூணுமே சாயங்காலம் மழை பேஞ்ச நாள். ஏழு மணிக்கு அன்னிக்கு கணக்க கடைசி லோரி படத்தோட தானா பிரிண்ட் பண்ணும். வேற ஒண்ணும் ஓடாது.

தைப்பிங்மழை (7:11)
மழை! நான் சொன்னேன்ல.

கிந்தா_வாசி (7:24)
மழை வந்தா அங்க என்ன மாறுது? பவர் போகுதா? ப்ளக் எதாச்சும் புடுங்குவீங்களா?

ரேம்ப்_தம்பி (7:26)
ஆமா, போன வருஷம் மின்னல்ல ஒரு பிரிண்டர் கருகிப்போச்சு, அதுலேந்து இடி இடிச்சா கிராணி (குமாஸ்தா) பிரிண்டர் ப்ளக்க புடுங்கிருவாரு. கம்ப்யூட்டர் யூபிஎஸ்ல இருக்கு, அத தொட மாட்டாரு.

கிந்தா_வாசி (7:33)
பிரிண்டர் இல்லன்னா உன் ப்ரோகிராம் திரும்ப முயற்சி பண்ணுதா? எத்தன நேரத்துக்கு ஒரு தடவ? இப்பவே ப்ளக்க புடுங்கி, ப்ரோகிராம புதுசா ஏத்தி, அது கெர்னல கூப்புடுறத காட்டுற எஸ்ட்ரேஸ் போட்டு, எம்மேப்பும் அத திருப்பிக் குடுக்குற மன்மேப்பும் மட்டும் பாரு.

ரேம்ப்_தம்பி (மதியம் 12:48)
ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவ. பாத்தேன் அண்ணே. ஒவ்வொரு நிமிஷமும் எம்மேப் 6221824, எம்மேப் 6221824னு வருது. மன்மேப் ஒண்ணு கூட இல்ல.

சி_வாத்தியார் (12:59)
1920 பெருக்கல் 1080 பெருக்கல் 3, 6220800. மால்லாக்கோட தலைப்பு சேத்து 4096ன் மடங்குக்கு ஏத்துனா 1519 பக்கம், சரியா 6221824. அது உன் படம்தான். பிரிண்டர் தொறக்கலன்னா ஃபங்ஷன்லேந்து பாதியிலயே ரிட்டர்ன் ஆகுற, ஃப்ரீ அதுக்குக் கீழ இருக்கு. மிச்ச ரேம் 1.4 ஜிபின்னு வச்சா இருநூத்தி இருவத்தஞ்சு நிமிஷம் தாங்கும். ஏழு மணிலேந்து கூட்டிப் பாரு, பதினொண்ணுக்குக் கொஞ்சம் முன்ன. நல்லாத்தான் தேடியிருக்க.

லயத்துபையன் (1:06)
படத்த ஒரே தடவ பிரிச்சு வச்சுக்கிட்டு பிரிண்ட மட்டும் திரும்ப முயற்சி பண்ணு தம்பி, நிமிஷத்துக்கு ஒரு தடவ பிரிக்கிறதே வீண்.

விண்டோஸ்_கடை (1:20)
விண்டோஸா இருந்தா நல் வந்து லாக்ல எழுதியிருக்கும், மொத ராத்திரியே புடிச்சிருக்கலாம். இத மட்டும் யாரும் மறுக்க முடியாது.

ரேம்ப்_தம்பி (வியாழன், காலை 6:50)
நேத்து நல்ல மழை. ப்ளக் புடுங்குனாங்க. காலையில ப்ரோகிராம் ஓடிக்கிட்டுதான் இருக்கு, ரெஸ் 31 எம்பி. ரிட்டர்னுக்கு முன்னாடி ஃப்ரீ போட்டேன், அவ்ளோதான். லோரி வந்துருச்சு, நன்றி.

கிந்தா_வாசி (7:02)
சந்தோஷம் லா. நேரம் கெடச்சா அந்த ஃபங்ஷன் கோட இங்க போடு, ஃபைல் தொறக்கலன்னா எங்க ரிட்டர்ன் ஆகுதுன்னும் பாக்கணும்.