கரண்ட் பில், கேஸ் பில்லுல அரசாங்கத்துக்கு எவ்வளவு வரி போகுது?

காரைக்குடிக்காரன்:
லண்டன்ல இருக்க எங்க சின்ன அத்தை மகன் அங்க வீட்டு கரண்ட், கேஸ் ரெண்டுக்கும் வாட் வரி உண்டு, ரேட் ஏறுனா வரியும் சேந்து ஏறுதுன்னு பொலம்புறாரு. நம்ம ஊர்லயும் அப்படித்தானா?

பள்ளத்தூர் ஆச்சி:
தம்பி, சிலிண்டர்ல அப்படித்தான்ப்பா. வீட்டு சிலிண்டருக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி, மத்திய அரசுக்கு பாதி, மாநிலத்துக்கு பாதி. விலை ஏறுனா வரித்தொகையும் தானா ஏறும், யாரும் புதுசா சட்டம் போட வேணாம். சமைக்கிற வீட்டுக்கு இது பெரிய பாரம், நான் மனசாரச் சொல்றேன்.

தேவகோட்டை:
கரண்டுக்கு ஜிஎஸ்டி கெடையாதுண்ணே. மின்சாரத்துக்கு வரி போடுற அதிகாரம் அரசியல் சட்டம் ஏழாவது அட்டவணை மாநிலப் பட்டியல் 53வது இனத்துல மாநிலத்துக்குத்தான் இருக்கு. ஆனா கரண்ட் தயாரிக்க எரிக்கிற நிலக்கரிக்கு ஜிஎஸ்டி உண்டு, 2025 செப்டம்பர்ல அத 5 சதவீதத்துலேருந்து 18 சதவீதமா ஆக்கி, டன்னுக்கு 400 ரூவான்னு இருந்த செஸ்ஸ, அதாவது கூடுதல் வரிய, எடுத்துட்டாங்க, கரண்டுக்கு ஜிஎஸ்டி இல்லாததால மின் உற்பத்தி பண்றவங்க நிலக்கரிக்குக் கட்டுன அந்த வரிய மத்த தொழில் மாதிரி விக்கிறப்ப கட்டுற வரியில கழிச்சுக்க முடியாது, அது செலவோட சேந்து நம்ம யூனிட் ரேட்டுக்குள்ளயே வந்துடும். பில்லுல தனி வரியா தெரியாது, அதான் எனக்குக் கோவம்.

கானாடுகாத்தான்:
லண்டன் கதை சரிதான். அங்க 1994ல 8 சதவீதமா ஆரம்பிச்சாங்க, 1997ல 5 ஆக்கினாங்க. விலை எகிறுற வருஷம் கூடுதலா வர்ற வரிப்பணத்த கஷ்டப்படுற வீடுகளுக்கே திருப்பணும், அங்கயும் சரி இங்கயும் சரி.

காரைக்குடிக்காரன்:
நன்றி ஆச்சி, நன்றிண்ணே. இத அப்படியே அவருக்கு அனுப்புறேன்.