பூச்செடிப் பாத்தியில் பூனை, நோகாமல் தடுக்க என்ன வழி?

அக்கா, அண்ணன்மாரே, ஒரு யோசனை வேண்டும். சிங்கப்பூர் யீஷூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் சமூகத் தோட்டத்தில் கனகாம்பரமும் செண்டுப்பூவும் போட்டிருக்கிறேன். காலையில் போய்ப் பார்த்தால் மண்ணைக் கிளறிக் குழி பறித்து, நாற்று வேரோடு சாய்ந்து கிடக்கிறது, பக்கத்திலேயே மூடி வைத்த பூனைக் கழிவு. வருவது காது நுனி வெட்டிய சாம்பல் பூனை, அதாவது கருத்தடை செய்யப்பட்டது, ரொம்பச் சாது. அதற்கு ஒரு கீறல்கூட விழக்கூடாது.

ஆரஞ்சுத் தோல் போட்டேன், சாயங்கால மழையில் வாசனையே போய்விட்டது. அந்துருண்டை போடச் சொன்னார்கள், அது பூனைக்கு விஷம், காப்பித்தூளும் ஆகாது, அதனால் இரண்டும் வேண்டாம்.

இப்போது சாத்தே குச்சிகளை, அதாவது இறைச்சி கோத்துச் சுடும் மெல்லிய மூங்கில் குச்சிகளை, கூர்முனை கீழே இருக்கும்படி நெருக்கமாக நட்டு வைத்திருக்கிறேன், அந்த இடத்தில் மட்டும் தோண்டுவதில்லை. பாத்தி முழுக்கக் கோழிவலையை மண்ணுக்கு அடியில் விரித்தவர்கள் இருக்கிறீர்களா? செடி வளர்ந்து தண்டு தடிக்கும்போது வலை இறுக்குமா? அப்புறம், ஓர் ஓரமாக மணல் தொட்டி வைத்தால் அங்கே போகுமா? செய்து பார்த்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள், சனிக்கிழமை புது நாற்று நட வேண்டும்.