பியெரோகி கொதிநீரில் போட்டதும் பிளந்துவிடுகிறது, அவசர உதவி தேவை

பனிக்காலம் | டிசம்பர் 24, 2025, காலை 11:42

காலையிலிருந்து பியெரோகி செய்துகொண்டிருக்கிறேன், மாவுக்குள் உள்ளீடு வைத்து மடித்து வேக வைக்கும் போலந்துப் பண்டம். தண்ணீரில் போட்ட கொஞ்ச நேரத்தில் ஓரம் பிரிந்து, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடுகிறது. ஓரத்தை நன்றாக அழுத்தித்தான் ஒட்டினேன். முள்கரண்டியால் குத்தியும் பார்த்தேன். நாலரைக்கு ஒரு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

தேங்காய்ப்பூ | 11:49

உள்ளே என்ன வைத்தீர்கள்? உருளைக்கிழங்கா, முட்டைக்கோஸா, பழமா? என்ன மாவு? வெந்நீரில் பிசைந்தீர்களா, பச்சைத் தண்ணீரிலா? எவ்வளவு கனம்? எந்த ஊரில் இருக்கிறீர்கள்? இவை தெரியாமல் யார் சொன்னாலும் ஊகமாகத்தான் இருக்கும்.

சுக்குக்காப்பி | 11:53

ஓரத்தில் முட்டையின் வெள்ளைக்கரு தடவி ஒட்டுங்கள். பிரியவே பிரியாது. அதுவும் சரிவராவிட்டால் தண்ணீரை விட்டுவிடுங்கள். இட்லிப் பாத்திரத்தில் ஆவியில் வைத்து எடுங்கள், உடைவதற்கு வழியே இல்லை.

கல்சட்டி | 12:01

இதே கேள்விக்கு முன்பே விரிவாக எழுதியிருக்கிறேன். தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். மறுபடி சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள்.

பியெரோகி மாவில் முட்டை கிடையாது. அரை கிலோ மாவு, உப்பு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், ஏறக்குறைய கால் லிட்டர் வெந்நீர். கொதித்து இறக்கிய தண்ணீரைக் கரண்டியால் கலந்துவிட்டு, கை பொறுக்கும் சூடு வந்ததும் பிசைய வேண்டும். 60 டிகிரியைத் தாண்டினால் மாவில் உள்ள ஸ்டார்ச் நீரை இழுத்துக் குழையும், மாவுக்கு இழுவை தரும் புரதமான குளூட்டனும் முறுக்கேறாது. அதனால் தேய்த்த வட்டம் திரும்பச் சுருங்காது, ஓரமும் இறுக்கமாக ஒட்டும். பச்சைத் தண்ணீரில் பிசைபவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை வரும். உங்களுக்கும் அதுதான்.

ஆவியில் வைப்பது கொழுக்கட்டை. பியெரோகி தண்ணீரில் வேக வேண்டிய பண்டம். தெரியாதவற்றில் யோசனை சொல்லாமல் இருப்பது நல்லது.

பனிக்காலம் | 12:08

போலந்தில், வ்ரோத்ஸ்வாஃப் நகரத்தில் இருக்கிறேன். உருளைக்கிழங்கு, சீஸ், வெங்காயம். மாவுப் பையில் 500 என்று போட்டிருக்கிறது. வெந்நீரில்தான் பிசைந்தேன், முட்டை போடவில்லை.

கல்சட்டி | 12:11

அப்படியானால் மாவுக்கு ஓய்வு கொடுத்திருக்க மாட்டீர்கள். அரை மணி நேரம் கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி வைக்க வேண்டும். மாவின் தரத்திலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

பனிக்காலம் | 12:13

முக்கால் மணி நேரம் மூடி வைத்தேன்.

வடகரை | 12:20

மாவில் குறை இல்லை. போலந்தில் மாவுப் பையில் இருக்கும் எண் சாம்பல் அளவைக் குறிக்கிறது. 100 கிலோ மாவை எரித்தால் 500 கிராம் சாம்பல் மிஞ்சுவது 500 வகை. தவிடு குறைந்த வெள்ளை மாவு என்று பொருள், நம் ஊர் மைதாவுக்குப் பக்கத்தில் வரும். 450, 500 இரண்டிலும் பியெரோகி நன்றாக வரும்.

கல்சட்டி ஐயா சொல்வதில் ஒன்றை மட்டும் ஏற்க மாட்டேன். என் மாமியார் தென்கிழக்குப் போலந்தில் ப்ஷெமிஷ்ல் என்ற ஊர்ப் பக்கத்துக்காரர். அவர் அரை கிலோ மாவுக்கு ஒரு முட்டை போடுவார். மாவு கொஞ்சம் விறைப்பாக வரும், ஆனால் நன்றாகத் தாங்கும். முட்டை போடும் வீடும் உண்டு, போடாத வீடும் உண்டு.

தேங்காய்ப்பூ | 12:22

பனிக்காலம், சீஸ் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டீர்கள். எந்தச் சீஸ்? காகிதத்திலோ பிளாஸ்டிக் உறையிலோ கட்டியாக வந்து, கையால் அமுக்கினால் பொலபொலவென்று உதிர்ந்ததா? அதற்குத்தான் த்வாருக் என்று பெயர். வேறு ஏதாவதா?

இன்னொன்று. உள்ளீடு இருக்கும் கிண்ணத்தைச் சாய்த்துப் பாருங்கள். அடியில் நீர் நிற்கிறதா?

கல்சட்டி | 12:27

முட்டை போட்டால் ஆறியதும் தோல் விறைத்துவிடும். பழைய முறை தெரிந்தவர்கள் போட மாட்டார்கள். அது கிடக்கட்டும், இன்று 24ஆம் தேதி. விகிலியா, அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை விருந்து, அந்த மேசைக்கு யாராவது உருளைக்கிழங்கு பியெரோகி கொண்டுபோவார்களா? அன்றைக்கு உரியது புளித்த முட்டைக்கோஸும் காட்டுக் காளானும் வைத்த பியெரோகி. பீட்ரூட் சூப்பில் போடும் சின்ன உஷ்காவுக்குள்ளும் காளான்தான். நான் கிராக்கோவில் இருந்தபோது ஒரு வீட்டில்கூட ருஸ்கியேவை, அதாவது இந்த உருளைக்கிழங்கு சீஸ் பியெரோகியை, அன்றைய மேசையில் பார்த்ததில்லை.

வடகரை | 12:34

கிராக்கோவில் பார்க்காததால் போலந்திலேயே இல்லை என்று சொல்லலாமா? நாட்டின் தென்கிழக்கில், போத்கர்பாட்ஸ்யே வட்டாரத்தில், விகிலியாவுக்கு ருஸ்கியே வைக்கும் வீடுகள் நிறைய. 1945க்குப் பிறகு எல்லை மாறியபோது இப்போது உக்ரைனில் இருக்கும் லிவிவ் பக்கத்திலிருந்து பெரும் கூட்டம் வ்ரோத்ஸ்வாஃபுக்குத்தான் வந்து குடியேறியது. சமையலையும் கூடவே கொண்டுவந்தார்கள். பனிக்காலம் இருக்கிற ஊரில் ஒரு பாட்டி இன்று ருஸ்கியே செய்துகொண்டிருந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. இறைச்சி இல்லை, விரதத்துக்கு ஒத்துவருகிறது. வேறென்ன வேண்டும்?

பனிக்காலம் | 12:36

சிறிய டப்பாவில் இருந்தது. வெள்ளையாக, மணி மணியாக, க்ரீமில் மிதந்துகொண்டு. அடியில் கொஞ்சம் நீர் நிற்கிறது. மேலே போட பேக்கனை வறுத்துவிட்டேன், அது பிரச்சினை இல்லையே?

தேங்காய்ப்பூ | 12:47

காரணம் கிடைத்துவிட்டது. அது செரெக் வியெய்ஸ்கி. ரொட்டியோடு அப்படியே சாப்பிட நல்லது, பியெரோகிக்குள் வைக்க ஆகாது. சூடு பட்டதும் மணிகள் சுருங்கி நீரை விடும், க்ரீமும் இளகும். உள்ளே நீர் கொதித்து ஆவியானால் வெளியேற இடம் தேடும். நீங்கள் ஒட்டிய ஓரம்தான் அதற்குக் கிடைக்கும் வழி. க்ரீம் ஓரத்தில் பட்டிருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் மாவும் மாவும் ஒட்டாது.

இந்த ஆண்டு முதல் டிசம்பர் 24 அரசு விடுமுறை, பெரிய கடைகள் மூடியிருக்கும். கையில் இருப்பதை வைத்தே சரி செய்யலாம்.

மிச்சமுள்ள உள்ளீட்டை மெல்லிய துணியில் கட்டிப் பிழியுங்கள். முழுதும் வராது, வருகிற வரை போதும். மூன்று நான்கு உருளைக்கிழங்கைப் புதிதாக வேக வையுங்கள். நீரை வடித்ததும் அதே பாத்திரத்தில் சிறு தீயில் ஒரு நிமிடம் குலுக்குங்கள். மேலே வெள்ளையாகப் பொடி படியும், அதுவரை ஈரம் போக வேண்டும். சூடாக இருக்கும்போதே மசியுங்கள். மிக்ஸியில் மட்டும் போடாதீர்கள், பசையாகிவிடும். தட்டில் பரப்பி முழுதும் ஆறிய பிறகு பிழிந்ததோடு கலக்குங்கள். கலவை கையில் உருண்டையாகப் பிடிக்க வர வேண்டும், தட்டில் வைத்தால் பரவக் கூடாது. இன்னும் ஈரமாக இருந்தால் ஒரு கரண்டி ரொட்டித் தூள். வதக்கிய வெங்காயத்தின் எண்ணெயை வடித்துவிட்டுச் சேருங்கள். உப்பும் மிளகுத்தூளும் தாராளமாகப் போடலாம், மாவுக்கு ருசி கிடையாது.

மாவை இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் தேயுங்கள். வட்டம் ஏழெட்டு சென்டிமீட்டர், ஒரு கண்ணாடி டம்ளரின் வாய் போதும். உள்ளீட்டை உருட்டி நடுவில் வையுங்கள். ஓரத்தில் உலர்ந்த மாவும் இருக்கக் கூடாது, எண்ணெயும் இருக்கக் கூடாது. மூடும்போது உள்ளே இருக்கும் காற்றை விரலால் தள்ளி வெளியேற்றுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான், அடைபட்ட காற்றும் சூட்டில் விரிந்து ஓரத்தைத் திறக்கும். ஓரத்தை இரண்டு முறை கிள்ளுங்கள். முள்கரண்டி வேண்டாம், அது தோலைக் கிழிக்கும்.

அகலமான பாத்திரம், உப்புத் தண்ணீர். நன்றாகக் கொதிக்கும்போது போட்டு, மரக்கரண்டியால் அடியிலிருந்து ஒரு முறை மெதுவாகக் கிளறிவிட்டுத் தீயைக் குறையுங்கள். குமுறிக் கொதிக்க விடாதீர்கள். மேலே மிதந்த பிறகு இரண்டு மூன்று நிமிடம், ஜல்லிக்கரண்டியால் எடுத்து உருக்கிய வெண்ணெயில் புரட்டித் தட்டில் தனித்தனியாகப் பரப்புங்கள். முதலில் ஒன்றே ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அது உடையாமல் வந்தால் மற்றதைச் செய்யுங்கள்.

பேக்கன் வேண்டாம்! விகிலியா விருந்தில் இறைச்சி வைப்பதில்லை. மேலே வெண்ணெயில் பொன்னிறமாக வதக்கிய வெங்காயம் போடுங்கள். பேக்கன் வறுத்த சட்டியிலேயே வதக்காதீர்கள், வேறு சட்டி எடுங்கள். அந்த வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதைக் கவனிப்பார்கள்.

சுக்குக்காப்பி | 12:58

முன்பே ஒட்டி வைத்தவற்றை என்ன செய்வது? அதற்குத்தான் ஆவி என்றேன். தண்ணீரில் அலைந்து உடைவதைவிட, எண்ணெய் தடவிய தட்டில் வைத்து ஆவியில் வேக விட்டால் பாதியாவது முழுதாக வரும். விருந்துக்கு வேண்டாம், வீட்டில் சாப்பிடலாமே.

தேங்காய்ப்பூ | 13:02

அது நல்ல யோசனைதான். வீணாக்க வேண்டாம்.

ஓடைக்கரை | 13:15

தாமதமாக வருகிறேன். கிழக்குப் போலந்தில், லூப்லினில் படித்தேன். உள்ளீட்டில் கொஞ்சம் புதினா நறுக்கிப் போட்டுப் பாருங்கள், பச்சை மிளகாயும் ஒன்று. அருமையாக இருக்கும்.

கல்சட்டி | 13:19

எங்கே போனாலும் புதினாவும் பச்சை மிளகாயும் போட்டுத்தான் ஆக வேண்டுமா? அந்த ஊர்ப் பண்டத்தை அந்த ஊர்க்காரர்கள் செய்கிறபடி செய்யக் கற்றுக்கொள்வோம். பிறகு மாற்றலாம்.

ஓடைக்கரை | 13:28

மிளகாயை விட்டுவிடுகிறேன், அது என் ஆசை. புதினா அந்த ஊர்க்காரர்களுடையதே. லூப்லின் பக்கம் கோதுமை இனமே அல்லாத பக்வீட் தானியத்தை வேக வைத்து, த்வாருக்கும் புதினாவும் சேர்த்துப் பியெரோகி செய்கிறார்கள். வாய்ப்புக் கிடைத்தால் சாப்பிட்டுப் பாருங்கள் ஐயா. புளிப்பும் புதினாவும் சேரும்போது அந்தத் தானியத்தின் வறுபட்ட மணம் தூக்கலாகத் தெரியும். அதே வட்டாரத்தில் பில்கோராய் என்ற ஊரில் பக்வீட், உருளைக்கிழங்கு, த்வாருக் எல்லாம் சேர்த்து ரொட்டி அளவுக்கு அடுப்பில் சுடுகிறார்கள். அதற்கும் பியெரூக் என்றே பெயர். தண்ணீரில் வெந்தால்தான் பியெரோகி என்ற கணக்கும் அங்கே செல்லாது.

கல்சட்டி | 13:36

நான் பேசியது ருஸ்கியே பற்றி. ருஸ்கியேவில் புதினா இல்லை. இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

வடகரை | 13:41

நீங்கள் பேசியது எல்லாப் பியெரோகியையும் பற்றித்தான் ஐயா, மேலே போய்ப் படித்துப் பாருங்கள். உங்களிடம் கற்றுக்கொண்டது நிறைய. ஆனால் ஒரு நாட்டில் ஒரே முறைதான் இருக்கும் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

நிலாச்சோறு | 14:05

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். கோயம்புத்தூரில் இருக்கிறேன். இங்கே த்வாருக் கிடைக்காது. பன்னீரைத் துருவிப் போடலாமா அக்கா?

தேங்காய்ப்பூ | 14:18

போடலாம், உடையாது. ஆனால் ருசி வேறு. பன்னீருக்குக் கொதிக்கும் பாலில் எலுமிச்சை விட்டுத் திரிக்கிறோம், அதனால் புளிப்பு இருக்காது. த்வாருக் பாலைப் புளிக்க விட்டு எடுப்பது. அந்த இளம் புளிப்புதான் ருஸ்கியேவின் உயிர்.

நல்ல கெட்டித் தயிர் இருந்தால் வீட்டிலேயே பக்கத்தில் வரலாம். தயிரைக் கடையாமல் அப்படியே அடிகனமான பாத்திரத்தில் மிகச் சிறு தீயில் வையுங்கள். 45 டிகிரி போதும், விரல் வைத்தால் சூடு தெரிய வேண்டும், சுடக் கூடாது. கிளறாதீர்கள். நீர் பிரிந்து தயிர் கட்டியாக விலகும்போது இறக்கி ஆற விட்டு, துணியில் கட்டித் தொங்க விடுங்கள். இரவு முழுதும் தொங்கினால் உதிரும் பக்குவம் வரும். சூடு அதிகமானால் ரப்பர் போல ஆகிவிடும். இரண்டு பங்கு உருளைக்கிழங்குக்கு ஒரு பங்கு இது.

நிலாச்சோறு | 14:24

நன்றி அக்கா. இன்று இரவே தொங்க விடுகிறேன்.

தேங்காய்ப்பூ | 15:40

பனிக்காலம், என்ன ஆயிற்று? நாலு மணிக்கே இருட்டிவிடுமே. முதல் நட்சத்திரம் பார்த்ததும் உட்கார்ந்துவிடுவார்கள்.

சுக்குக்காப்பி | 17:10

ஆளைக் காணவில்லை.

பனிக்காலம் | டிசம்பர் 25, பிற்பகல் 1:32

பிழிந்து செய்ததில் ஒன்றும் உடையவில்லை. வெங்காயம் மட்டும் போட்டுக் கொண்டுபோனேன். தட்டு காலி. நண்பரின் பாட்டிக்குச் சொந்த ஊர் லிவிவ் பக்கமாம். எல்லோருக்கும் நன்றி.

வடகரை | டிசம்பர் 25, 1:50

பாட்டி மாவில் முட்டை போடுவாரா என்று கேட்டீர்களா?

கல்சட்டி | டிசம்பர் 25, 2:15

போட மாட்டார்.

மழைத்தூறல் | ஜனவரி 11, 2026, மாலை 6:20

எனக்கும் இதே பிரச்சினை. ஆனால் நான் ஒட்டியதை ஃப்ரீசரில் வைத்து, வெளியே எடுத்து இளக விட்டுப் போடுகிறேன். எல்லாம் பிரிகிறது.

தேங்காய்ப்பூ | ஜனவரி 11, 6:41

இளக விடாதீர்கள். இளகும்போது தோலில் ஈரம் கோத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது கிழியும். தட்டில் தனித்தனியாக வைத்து உறைந்த பிறகு பையில் போடுங்கள். சமைக்கும்போது உறைந்தபடியே கொதிநீரில் போட வேண்டும், ஒரு தடவைக்குக் கொஞ்சமாக. உள்ளே என்ன வைத்தீர்கள்?