அப்பா அம்மாவை டெல்லிக்கு அனுப்ப ரயிலா, விமானமா? கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

காவேரிப்பட்டினத்தான்

வணக்கம். தங்கச்சிக்கு டெல்லியில் இரண்டாவது பிரசவம், மே கடைசியில் அப்பா அம்மாவை அனுப்ப வேண்டும். அப்பாவுக்கு 68 வயது, முட்டி வலி, வேகமாக நடக்க முடியாது. அம்மா தெம்பாக இருக்கிறார். இரண்டு பேருமே விமானத்தில் ஏறியதில்லை. மூன்று மணி நேரத்தில் போய்விடலாமே என்று நான் விமானம் என்கிறேன், அப்பா அந்த முட்டி வலியிலும் ரயில்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். "படுத்துக்கிட்டே போலாம்டா, ஏர்போர்ட்டுல போய் மணிக்கணக்கா காத்துக் கிடக்கணுமாமே" என்கிறார். கிருஷ்ணகிரியில் ஸ்டேஷனே கிடையாது, எதற்கும் தர்மபுரியோ ஓசூரோ போயாக வேண்டும். ஏர்போர்ட் என்றால் பெங்களூரையும் தாண்டி தேவனஹள்ளி. எவ்வளவு முன்னால் கிளம்புவது என்பதில்தான் குழப்பம், ஒருவர் மூன்று மணி நேரம் முன்னால் என்கிறார், இன்னொருவர் ஒரு மணி நேரம் போதும் என்கிறார். அம்மா வேறு ராகி மாவு, லேகியம், ஒரு பெட்டி செந்தூரா மாம்பழம் என்று மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பர்கூர் பயணி

தம்பி, இரண்டு பேர் சொன்னதும் ஏர்போர்ட் வாசலில் இருக்க வேண்டிய நேரம். உங்களுக்கு வேண்டியது வீட்டு வாசலில் கிளம்பும் நேரம். உள்நாட்டு விமானத்துக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே பெட்டி வாங்கும் கவுன்டரை மூடிவிடுவார்கள், அதற்கு மேல் கெஞ்சினாலும் நடக்காது. முதல் தடவை போகிறவர்கள், பெட்டியும் இருக்கிறது, அதனால் இரண்டு மணி நேரம் முன்னால் அங்கே இருந்தால் சரி. ஆனால் ஆபத்து ஏர்போர்ட்டில் இல்லை, ஓசூர் ரோட்டில் இருக்கிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். காலை ஒன்பதரை விமானம், ஐந்தரைக்குக் கிளம்பினோம், நான்கு மணி நேரம் இருக்கிறதே என்று தெனாவெட்டு. அத்திப்பள்ளி தாண்டி ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது, அங்கேயே ஒரு மணி நேரம் போச்சு. பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பு வரும்போது ஆபீஸ் கூட்டம். கவுன்டர் மூடிய பிறகுதான் போய் நின்றேன், டிக்கெட் பணம் காற்றில். நூற்று முப்பது கிலோமீட்டர் போல வரும் தூரம், ரோடு காலியாக இருந்தால் இரண்டரை மணி நேரம், திங்கட்கிழமை காலையில் எவ்வளவு ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் பதினொரு மணி விமானமாகப் பார்த்துப் போடுங்கள், விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி ஏழு மணிக்குள் சில்க் போர்டைத் தாண்டிவிட வேண்டும். மீதி நேரம் அங்கே உட்கார்ந்து இட்லி சாப்பிடட்டும், விலையை மட்டும் அப்பாவிடம் சொல்லாதீர்கள்.

டிக்கெட் போடும்போதே அப்பாவுக்குச் சக்கர நாற்காலி கேட்டு வையுங்கள், உள்ளே நடை அதிகம். பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும், நம் ஊர் இனிஷியல் குழப்பத்தில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

பாலக்கோடு அக்கா

நான் அப்பா கட்சி. பெங்களூரிலிருந்து ராஜதானி ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்பி மூன்றாம் நாள் காலையில் டெல்லி நிஜாமுதீன் ஸ்டேஷனில் விடும், சாப்பாடும் கொடுப்பார்கள். கர்நாடகா எக்ஸ்பிரஸும் இருக்கிறது, அது இன்னும் சில மணி நேரம் கூட. வயதானவர்கள் இரண்டு பேர் மட்டும் ஒரே டிக்கெட்டில் போனால் கீழ் பெர்த் கிடைக்க வாய்ப்பு அதிகம். 60 நாள் முன்னால்தான் புக்கிங் திறக்கும், அன்றே போட்டுவிடுங்கள். ராஜதானியில் இடம் நிரம்ப நிரம்பக் கட்டணம் ஏறும், தாமதித்தால் விமான விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும், அப்புறம் ரயில் எதற்கு? மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சோடு போச்சு, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே நின்றுவிட்ட ஆன்லைன் டிக்கெட்டோடு ஏற முடியாது என்பதையும் அப்பாவுக்குச் சொல்லி வையுங்கள், அந்தக் காலம் மாதிரி ஏறிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்பார்.

எட்டு மணி வண்டிக்குச் சாயங்காலம் காரில் போனால் பர்கூர்க்காரர் சொன்ன அதே கதைதான். கோவையிலிருந்து வரும் வந்தே பாரத் தர்மபுரியில் நிற்கிறது, மதியம் பெங்களூரு கன்டோன்மென்டில் இறக்கிவிடும். அங்கிருந்து ராஜதானி கிளம்பும் மெஜஸ்டிக் ஸ்டேஷன் பக்கம்தான். வெயிட்டிங் ஹாலில் காத்திருக்கட்டும், ஓசூர் ரோட்டில் வியர்த்து ஊற்ற உட்கார்ந்திருப்பதைவிட அது மேல்.

தொப்பூர் டிரைவர்

ஏர்போர்ட் சவாரி நிறைய அடிக்கிறேன் சார். நகரத்துக்குள் மாட்ட வேண்டாம் என்றால் ஓசூரிலிருந்து பாகலூர், மாலூர், ஹொஸ்கோட்டை வழியாக தேவனஹள்ளி போகலாம். ரோடு எல்லா இடத்திலும் நன்றாக இருக்காது, அப்பா முட்டிக்குக் கொஞ்சம் ஆகாது, ஆனால் சில்க் போர்டு, ஹெப்பால் இரண்டும் தப்பும். சேலம் ஏர்போர்ட் தர்மபுரிக்குக் கிட்ட என்று யாராவது சொல்வார்கள், அங்கிருந்து டெல்லிக்கு நேர் விமானம் இல்லை, மாறி ஏற வேண்டும். சேலத்தில் கேரளா எக்ஸ்பிரஸ் பிடிக்கலாம் என்பதும் உண்மை, ஆனால் தொப்பூர் கணவாயில் ஒரு வண்டி படுத்தால் அன்றைக்கு உங்கள் ரயில் போச்சு. அது வழியில் நிற்கும் வண்டி, சில நிமிடத்தில் மூட்டையோடு ஏற வேண்டும். பெங்களூரில் புறப்படும் வண்டி என்றால் அங்கேயே நிற்கும், ஆற அமர ஏறலாம்.

காவேரிப்பட்டினத்தான்

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் வாசித்துக் காட்டினேன். போகும்போது ராஜதானி, குழந்தையைப் பார்த்துவிட்டு வரும்போது விமானம் என்று அப்பா இறங்கி வந்திருக்கிறார், அப்போது மூட்டை இருக்காதாம். மாம்பழம் மட்டும்தான் பாக்கிப் பிரச்சனை.

பாலக்கோடு அக்கா

ரயில் என்றால் கவலையே இல்லை, தேர்ட் ஏசியில் ஆளுக்கு 40 கிலோ வரை கட்டணமில்லை, விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோதான். முற்றிய காயாகப் பார்த்து வைக்கோல் போட்டு அடுக்கச் சொல்லுங்கள், டெல்லி போய்ச் சேர்ந்த பிறகு பழுக்கும். பழமாக வைத்தால் நாக்பூர் தாண்டும்போது பெட்டி முழுக்க வாசனை வந்துவிடும், எதிர் பெர்த்காரருக்கும் பங்கு கொடுக்க வேண்டியிருக்கும். திரும்பி வரும்போது அம்மாவிடம் யாராவது கொப்பரைத் தேங்காய் கொடுத்தனுப்பினால் விமானப் பெட்டியில் வைக்க வேண்டாம், எடுத்துவிடுவார்கள்.