பர்டிக்கு வருடம் 53 மில்லியன்: நைனர்ஸ் செய்தது சரிதானா?

சன்னிவேல்_புதுசு (ஜூன் 2025)

எல்லோருக்கும் வணக்கம். நான் பே ஏரியாவுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. ஊரில் இருந்தவரை கிரிக்கெட்டைத் தவிர வேறு எதையும் உட்கார்ந்து பார்த்ததில்லை. 2022 டிசம்பரில் ஆபீஸ் நண்பர் ஒருவர் அமெரிக்க ஃபுட்பால் பார்க்க சான்டா கிளாராவுக்குக் கூட்டிப்போனார், நைனர்ஸ் (சான் ஃபிரான்சிஸ்கோ 49ers) ஆட்டம். எதிரணியில் டாம் பிரேடி. நம் பக்கம் குவாட்டர்பேக்காக (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) பிராக் பர்டி என்று ஒரு பையன், அன்றுதான் முதல் தடவையாக ஆரம்பத்திலிருந்தே ஆடுகிறார் என்றார்கள். 35-7 என்று ஜெயித்தோம். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

இப்போது என் சந்தேகம். இந்த வருடம் டீபோ சாமுவேலை ஐந்தாம் சுற்று டிராஃப்ட் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் முறை) வாய்ப்பு ஒன்றுக்கு வாஷிங்டனிடம் கொடுத்துவிட்டார்கள். கிரீன்லாவும் ஹுஃபாங்காவும் டென்வர் போய்விட்டார்கள். சார்வேரியஸ் வார்டு இண்டியானாபொலிஸ், ஏரன் பேங்க்ஸ் கிரீன் பே. இத்தனை பேரை விட்டுவிட்டு மே மாதம் பர்டிக்கு 5 வருடம், 265 மில்லியன் டாலர். போன வருடம் 6-11 (6 வெற்றி, 11 தோல்வி) என்று டிவிஷனில் கடைசி இடம், பர்டி 12 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட எறிகள்). ஐபிஎல் ஏலத்தில் ஒரே ஆளுக்குப் பர்ஸைக் காலி செய்துவிட்டு மிச்சப் பணத்தில் பத்துப் பேரைத் தேடுகிற மாதிரி எனக்குத் தெரிகிறது. நான் புரிந்துகொண்டது தவறா? பல வருடம் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

கேண்டில்ஸ்டிக்_98

தம்பி, நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 1998இல் ஒய்2கே வேலைக்காக வந்தவன். சான் ஹோசேயில் ஒரு அபார்ட்மென்டில் ஆறு பேர், ஹாலில் யாரோ விட்டுப்போன ஒரு டிவி. 1999 ஜனவரி 3, கிரீன் பே பேக்கர்ஸுடன் பிளேஆஃப். கடைசி நொடிகள், நாம் நான்கு புள்ளி பின்னால். பந்தை வாங்கிக்கொண்டு பின்னால் நகரும்போது நம் குவாட்டர்பேக் ஸ்டீவ் யங்கின் கால் இடறியது. விழுந்தே விட்டார் என்று நினைத்தோம். எப்படியோ நிமிர்ந்து, கூட்டத்துக்கு நடுவே ஒரு எறி. அன்று முழுக்கப் பந்தை நழுவவிட்டுக்கொண்டிருந்த டெரல் ஓவன்ஸ் அதை மட்டும் பிடித்துவிட்டார். 30-27. விதிகள் பாதி தெரியாத ஆறு பேரும் எழுந்து குதித்தோம். கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

அடுத்த செப்டம்பரில் அரிசோனாவில் யங் தலையில் அடிபட்டு விழுந்தார். அதன் பிறகு அவர் ஆடவே இல்லை. அவர் இடத்தில் ஜெஃப் கார்சியா சில வருடம் தாக்குப்பிடித்தார். அப்புறம் வந்ததுதான் உங்களைப் போன்றவர்கள் பார்க்காத காலம். 2003லிருந்து 2010வரை எட்டு சீசன், ஒரு பிளேஆஃப்கூட இல்லை. 2004இல் 2-14. அதனால் 2005 டிராஃப்ட்டில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நம் கைக்கு வந்தது. விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் பெர்க்லியில் ஆடிக்கொண்டிருந்த ஒரு குவாட்டர்பேக் பையன், சின்ன வயதிலிருந்தே நைனர்ஸ் ரசிகன், பெயர் ஏரன் ராட்ஜர்ஸ். நாம் எடுத்தது அலெக்ஸ் ஸ்மித்தை. ராட்ஜர்ஸ் 24ஆவது இடம்வரை காத்திருந்து கிரீன் பே போனார். ஸ்மித்தை நான் குறை சொல்ல மாட்டேன். கிட்டத்தட்ட ஒவ்வொரு வருடமும் அவருக்குப் புதுப் பயிற்சியாளர், புது பிளேபுக். தோளில் அறுவை சிகிச்சை வேறு. யாராக இருந்தாலும் திணறித்தான் போயிருப்பார்கள். ஆனால் அந்த எட்டு வருடமும் ஞாயிற்றுக்கிழமை மதியம் நம் பழைய கேண்டில்ஸ்டிக் ஸ்டேடியத்தின் குளிர்காற்றில் போய் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும், குவாட்டர்பேக் இல்லாத அணி என்றால் என்னவென்று. டிஃபென்ஸில் பேட்ரிக் வில்லிஸ் உயிரைக் கொடுத்து ஆடுவார். நாம் மூன்று முறை முயன்றுவிட்டுப் பந்தை உதைத்து எதிரணியிடமே கொடுத்துவிடுவோம். அவர் மறுபடி தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே ஓடுவார்.

அதனால்தான் யாராவது 'குவாட்டர்பேக்குக்கு இவ்வளவா' என்று கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

2021இல் டிரே லான்ஸ் என்ற குவாட்டர்பேக்குக்காக என்ன கொடுத்தோம் என்று பாருங்கள். மூன்று முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பு, அதோடு ஒரு மூன்றாம் சுற்று. அவர் நமக்காக ஆரம்பித்த ஆட்டங்கள் மொத்தம் நான்கு. 2022 செப்டம்பரில் கணுக்கால் முறிந்தது, 2023 ஆகஸ்டில் ஒரே ஒரு நான்காம் சுற்றுக்கு டல்லாஸ் போய்விட்டார். பாவம், அந்தப் பையன் மீதும் தப்பில்லை. அவ்வளவு பெரிய ஓட்டையை அடைத்தது 2022 டிராஃப்ட்டின் கடைசி ஆள், 262ஆவது ஆள், பர்டி. இந்த மாதிரி அதிர்ஷ்டம் ஒரு அணிக்கு இரண்டு தடவை அடிக்காது. கையில் வந்தவரை விட்டுவிட்டு இன்னொரு 262ஐத் தேடலாம் என்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியாது.

அப்புறம் பிலடெல்ஃபியா ஈகிள்ஸோடு ஆடிய ஆட்டம், 2023 ஜனவரி 29. நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாம் பந்தோடு இறங்கிய முதல் டிரைவிலேயே அவர்களின் ஹாசன் ரெட்டிக் வந்து கையைத் தட்டினார், பர்டியின் முழங்கைத் தசைநார் கிழிந்தது. மாற்றாக உள்ளே போன 36 வயது ஜாஷ் ஜான்சனுக்கு இரண்டாம் பாதி ஆரம்பத்திலேயே தலையில் அடி. வேறு ஆள் கிடையாது. பந்தைச் சரியாக எறிய முடியாத கையோடு பர்டி திரும்பி வந்தார். ஒவ்வொரு தடவையும் பந்தை வாங்கி, அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மெக்காஃப்ரி வயிற்றில் திணித்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். எதிரே இருந்த பதினோரு பேருக்கும் அது தெரியும். ஸ்டேடியத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். போசா, வார்னர், கிட்டில், டிரென்ட் வில்லியம்ஸ், டீபோ என்று எல்லோரும் இருந்தார்கள், தம்பி. நீங்கள் இப்போது வருத்தப்படுகிற அத்தனை பேரும் இருந்தார்கள். 31-7. மாற்று ஆளுக்கும் அடிபட்டால் மூன்றாவதாக ஒரு குவாட்டர்பேக்கை உள்ளே அனுப்பலாம் என்ற விதியை லீக் அந்த வருடமே திரும்பக் கொண்டுவந்தது.

சரி, பணக் கணக்குக்கு வருகிறேன். ஐபிஎல் பர்ஸ் என்றது ஓரளவு சரி. இந்த வருட சேலரி கேப் (ஒரு அணி ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்குச் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு) 279.2 மில்லியன். போன வருடம் 255.4. ஆக, பர்ஸே வருடா வருடம் பெரிதாகிறது. 53 மில்லியன் என்பது ஐந்து வருடத்தின் சராசரி. கையெழுத்துப் போடும்போது கொடுக்கிற போனஸை ஐந்து வருடம்வரை பிரித்து எழுதலாம் என்பதால் முதல் வருடங்களில் கணக்கில் ஏறுவது குறைவு, பின்னால் போகப் போக அதிகம். இன்னொன்று. டிராஃப்ட்டில் வந்தவரின் முதல் ஒப்பந்தத்தை மூன்று சீசன் முடியாமல் தொடக்கூடாது. அதனால்தான் 2023இல் 4,280 யார்டு எறிந்து அணியின் சாதனையையே முறியடித்த ஆள் 8,70,000 டாலருக்கு ஆடினார். அந்த மலிவில்தான் போசாவுக்கு 170 மில்லியனும் மற்றவர்களுக்கு அள்ளியும் கொடுக்க முடிந்தது. அந்தப் பணம் சாமுவேலுடையதோ வார்டுடையதோ இல்லை, பர்டியுடையது. மூன்று வருடம் கடனாக வாங்கி மற்றவர்களுக்குக் கொடுத்தோம், இப்போது திருப்பிக் கொடுக்கிறோம்.

என் மனக்குறை வேறு. கேன்சஸ் சிட்டியோடு ஆடிய லாஸ் வேகஸ் சூப்பர் பவுலை (சீசனின் இறுதி ஆட்டம்) நினைத்துப் பாருங்கள், 2024 பிப்ரவரி. கூடுதல் நேரம், மூன்றாவது முயற்சி, நான்கு யார்டு வேண்டும், எல்லைக்கு ஒன்பது யார்டுதான். கார்டு (குவாட்டர்பேக்குக்கு முன்னால் நின்று காப்பவர்களில் ஒருவர்) ஃபெலிசியானோ ஏற்கெனவே காயத்தோடு வெளியே. பந்து கைக்கு வந்ததும் எதிரணியின் கிறிஸ் ஜோன்ஸ் தடுக்க ஆளே இல்லாமல் நேராக பர்டியின் முகத்துக்கு வருகிறார். நம் ஜென்னிங்ஸ் தனியாக நிற்கிறார், டச்டவுன் அங்கேயே இருக்கிறது. இன்னும் அரை நொடி கிடைத்திருந்தால் போதும். பந்து தரையில் விழுந்தது, மூன்று புள்ளியோடு திரும்பினோம், அவர்களின் குவாட்டர்பேக் மஹோம்ஸ் வந்து முடித்துவிட்டார். 25-22 என்று தோற்றோம். அந்த ஒரு பிளேயை நான் எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்று என் மனைவியைக் கேட்டால் சொல்வாள்.

எறிந்த பந்தைப் பிடிக்கிற ரிசீவர்களுக்கு மில்லியன் மில்லியனாகக் கொடுத்தோம். குவாட்டர்பேக்குக்கு முன்னால் குனிந்து நிற்கிற ஐந்து பேரில் டிரென்ட் வில்லியம்ஸைத் தவிர மற்ற இடங்களைக் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றினோம். பர்டிக்குப் பணம் கொடுத்தது சரி. அவருக்கு அந்த அரை நொடியை வாங்கித் தருகிறவர்களுக்குக் கொடுக்காததுதான் தப்பு.

---

பெல்வியூ_ஹாக்

அண்ணே, நான் எதிர் முகாம், சியாட்டில் சீஹாக்ஸ் ரசிகன், இருந்தாலும் சொல்கிறேன். எங்களுக்கும் இதே கதை நடந்தது. எங்கள் குவாட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் 2012இல் மூன்றாம் சுற்றில் வந்தவர். அவர் மலிவாக இருந்தபோதுதான் அந்த டிஃபென்ஸ் முழுவதையும் வைத்துக்கொள்ள முடிந்தது. 2013 சீசனின் சூப்பர் பவுலில் டென்வரை 43-8 என்று அடித்தோம். 2015இல் அவருக்குப் பெரிய ஒப்பந்தம் போட்ட பிறகு அவரை வைத்து ஒரு சூப்பர் பவுலுக்குக்கூடப் போகவில்லை. அந்த டிஃபென்ஸில் இருந்த ஷெர்மன் கடைசியில் உங்கள் ஊருக்கே வந்து ஆடினார், பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது.

இந்த வருடம் நாங்கள் ஜீனோ ஸ்மித்தை ரெய்டர்ஸிடம் அனுப்பிவிட்டு சாம் டார்னால்டை 3 வருடம், 100.5 மில்லியனுக்கு எடுத்திருக்கிறோம். 2023இல் உங்கள் பெஞ்சில் பர்டிக்கு மாற்றாக உட்கார்ந்திருந்த அதே டார்னால்டுதான். வருடத்துக்கு உங்களைவிட ஏறக்குறைய 20 மில்லியன் மிச்சம். அதில் இரண்டு நல்ல லைன்மேன் வாங்கலாமே? நீங்கள் கேட்கிற அரை நொடி அங்கேதானே இருக்கிறது?

---

ஃப்ரீமான்ட்_அம்மா

என் பையன் பள்ளியில் ஃபிளாக் ஃபுட்பால் ஆடுகிறான், குவாட்டர்பேக் இடம்தான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அவனால்தான் நானும் பார்க்க ஆரம்பித்தேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். பர்டிக்கு இவ்வளவு கொடுத்துவிட்டு அவருக்கு அடிபட்டால்? மேக் ஜோன்ஸை எடுத்திருக்கிறார்கள் என்று படித்தேன். அவர் போதுமா? அந்த பிலடெல்ஃபியா ஆட்டத்தை என் பையன் அழுதுகொண்டே பார்த்தான்.

---

சன்னிவேல்_புதுசு

கேண்டில்ஸ்டிக் அண்ணா, ரொம்ப நன்றி. 'கடன்' என்று நீங்கள் சொன்னதும்தான் கணக்கு பிடிபட்டது. ஆனால் பெல்வியூக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிற மாதிரி படுகிறது. போன வருடத்து 12 இன்டர்செப்ஷனுக்கும் நீங்கள் பதில் சொல்லவில்லையே?

---

கேண்டில்ஸ்டிக்_98

12 இன்டர்செப்ஷன் உண்மை. அதில் சிலது அவசரப்பட்டு எறிந்தவை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் யாரை நம்பி எறிந்தார் என்று பாருங்கள். மெக்காஃப்ரி ஆடியது நான்கே ஆட்டம். ரிசீவர் ஐயுக் அக்டோபரில் முழங்கால் தசைநார் கிழிந்து போய்விட்டார். டிரென்ட் வில்லியம்ஸும் சீசனின் பின்பாதியில் இல்லை. அவர் இல்லாத ஆட்டங்களில் பர்டியின் இடதுபக்கத்தைப் பார்க்கவே சகிக்கவில்லை.

பெல்வியூக்காரருக்கு: தம்பி, வில்சனுக்குக் கொடுத்ததால் நீங்கள் தோற்கவில்லை. டிராஃப்ட்டில் நல்ல ஆட்கள் வருவது நின்றுபோனதால் தோற்றீர்கள். கேன்சஸ் சிட்டி 2022இல் என்ன செய்தது? மஹோம்ஸுக்கு 450 மில்லியன் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ரிசீவர் டைரீக் ஹில்லை மயாமிக்கு அனுப்பிவிட்டு ஐந்து டிராஃப்ட் வாய்ப்பு வாங்கினார்கள், டிஃபென்ஸில் இளம் ஆட்களை எடுத்தார்கள். அந்த வருடமும் கோப்பை, அடுத்த வருடமும் கோப்பை, அதுவும் எங்களை அடித்து. ஈகிள்ஸ் 2023இல் தங்கள் குவாட்டர்பேக் ஹர்ட்ஸுக்கு 255 மில்லியன் கொடுத்தார்கள், இந்த பிப்ரவரியில் அதே கேன்சஸ் சிட்டியை 40-22 என்று உரித்தார்கள். அந்த அணியின் ஒஃபென்ஸிவ் லைனைப் பார்த்தீர்களா? மலை மாதிரி நிற்கிறார்கள். குவாட்டர்பேக்குக்கும் கொடுத்தார்கள், லைனையும் விடவில்லை. எங்களவர்களும் இந்த டிராஃப்ட்டில் முதல் ஐந்து பேரையும் டிஃபென்ஸுக்கே எடுத்திருக்கிறார்கள், டிஃபென்ஸ் பயிற்சியாளர் ராபர்ட் சாலேவும் திரும்பி வந்துவிட்டார். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த ஐந்தில் ஒன்று கார்டாக இருந்திருக்கக்கூடாதா என்று இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது. டார்னால்டு நல்ல பையன், நன்றாக ஆடட்டும், எங்களோடு ஆடும்போது மட்டும் வேண்டாம்.

ஃப்ரீமான்ட் அம்மா, ஜோன்ஸ் 2021இல் லான்ஸ் போன அதே முதல் சுற்றில் 15ஆவதாகப் போனவர். முதல் வருடமே நியூ இங்கிலாந்தைப் பிளேஆஃப் கொண்டுபோனார். நம் பயிற்சியாளர் ஷானஹனின் ஆட்டத்துக்கு ஏற்றவர், சில வாரம் தாங்குவார் என்று நம்புகிறேன். பையனிடம் சொல்லுங்கள், பர்டியின் முழங்கைக்கு அந்த மார்ச்சில் அறுவை சிகிச்சை நடந்தது, செப்டம்பர் முதல் ஆட்டத்திலேயே வந்து நின்றார்.

புதுசு தம்பி, செப்டம்பர் 7 ஞாயிறு, சியாட்டிலில் முதல் ஆட்டம். முதல் பத்து பிளேக்குப் பந்தைப் பார்க்காதீர்கள். சென்டருக்கு (குவாட்டர்பேக்கிடம் பந்தைக் கொடுப்பவர்) இடதுபக்கம், டிரென்ட் வில்லியம்ஸுக்கும் சென்டருக்கும் நடுவே நிற்பவரை மட்டும் பாருங்கள். பேங்க்ஸ் விட்டுப்போன இடம் அது, யார் நிற்பார் என்பது இன்னும் முடிவாகவில்லை. அவர் எத்தனை தடவை பின்னால் தள்ளப்படுகிறார் என்று எண்ணிவைத்துக்கொள்ளுங்கள். நானும் எண்ணுவேன், அன்று ராத்திரி இங்கேயே ஒத்துப் பார்க்கலாம்.