குளத்து நீர்மட்டம் அறியும் கம்பியில்லாக் கருவி: சிக்னல் இல்லாத இரவில் எது கைகொடுக்கும்?

கேள்வி: கடைமடைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டம் வட்டத்தில், தாமிரபரணிப் பாசனத்தின் கடைப்பகுதியில் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைப் பற்றி இங்கே புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கிழக்கே காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பதிவானது. எங்கள் ஊருக்கு மேற்கே உள்ள குளம், உபரிநீர் வெளியேறும் மறுகால் கொள்ளாமல் கரைமேல் வழிந்து உடைந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. மின்சாரமும் இல்லை, கைப்பேசிச் சிக்னலும் இல்லை. தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகுதான் பலருக்குச் செய்தி தெரிந்தது.

இப்போது எங்கள் விவசாயிகள் சங்கத்திடம் ஒருவர், நீர்மட்டத்தை அளந்து சிம் அட்டை வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் கருவி ஒன்றைக் காட்டியிருக்கிறார். விலை எங்களால் தாங்கக்கூடியதுதான். இதை நம்பி வாங்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: அலைவரிசை

ஐயா, உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. சிக்னல் இல்லாமல் போன இரவுக்காக வாங்கும் கருவி, அதே சிக்னலை நம்பி இருக்கக் கூடாது. வெள்ளத்தில் மின்சாரம் போனால் கைப்பேசிக் கோபுரம் அதன் பேட்டரியிலும் டீசலிலும் சில மணி நேரமே தாங்கும். சாலை மூழ்கிவிட்டால் டீசல் கொண்டுபோகவும் வழியில்லை.

உங்களுக்கு ஏற்றது லோரா எனப்படும் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் வானொலி முறை. இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில், வரையறுத்த திறனுக்குள், உரிமம் இன்றியே இதைப் பயன்படுத்தலாம். படமோ குரலோ இதில் போகாது. ‘மட்டம் இவ்வளவு, பேட்டரி இவ்வளவு’ என்ற சிறு செய்திதான் போகும், நமக்குத் தேவையானதும் அவ்வளவே. பார்வைக்குத் தடையில்லாத இடத்தில் பல கிலோமீட்டர் செல்லும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கடையில் ‘கேட்வே’ என்று விற்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை, வாங்கிய செய்தியை இணையத்துக்கு அனுப்பி, அங்கிருந்துதான் எச்சரிக்கையைத் திருப்பி வாங்குகின்றன. இணையம் போனால் அதுவும் ஊமைதான். குளத்துக் கருவியின் செய்தியை ஊரில் உள்ள பெட்டி நேரடியாக வாங்கி, அங்கேயே அபாயச் சங்கை ஒலிக்கச் செய்யுமாறு அமையுங்கள். இணையம் இருக்கும் நாளில் குறுஞ்செய்தியும் போகட்டும், அது கூடுதல் வசதி.

இன்னொன்று: செய்தி வராமல் போவதையும் எச்சரிக்கையாகவே கொள்ளுமாறு பெட்டியை அமைக்க வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வர வேண்டிய செய்தி தொடர்ந்து மூன்று முறை வராவிட்டால் சிவப்பு விளக்கு எரியட்டும். இல்லையென்றால், கருவி அடித்துச் செல்லப்பட்ட பிறகும் திரையில் பழைய மட்டமே நிற்கும். பார்ப்பவர் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்.

பதில் 2: பழைய மீட்டர்

செய்தி போகும் வழியை அன்பர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அளக்கும் முனையைப் பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன். மலிவு என்று மீயொலி உணரியைத்தான் முதலில் மாட்டினேன். ஒலி தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு அது தொலைவைக் கணக்கிடுகிறது. ஒலியின் வேகமோ காற்றின் வெப்பத்தைப் பொறுத்து மாறும். பத்து டிகிரி மாறினால், நான்கு மீட்டர் தொலைவில் ஏழு செ.மீ. அளவுக்குப் பிழை வரும். பிழை வரும் திசைதான் மோசமானது: மழை இரவில் காற்று குளிரும்போது எதிரொலி தாமதமாகத் திரும்புவதால், நீர்மட்டம் உள்ளதைவிடத் தாழ்வாக இருப்பதாகக் கருவி காட்டும். வெப்ப உணரியைச் சேர்த்துத் திருத்திக் கொள்ளலாம். உணரியின் வாயில் குளவி கூடு கட்டுவதைத் திருத்த எந்த நிரலும் இல்லை, ஏணிதான் வேண்டும்.

நீருக்குள் இறக்கும் அழுத்த உணரிக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் வண்டல் அடைத்துக்கொள்ளும். பணம் இருந்தால் ரேடார் உணரியே மேல். சூரியத் தகட்டை வெயில் நாளை வைத்துக் கணக்கிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு வாரம் வெயிலே வராவிட்டாலும் தாங்கும் பேட்டரியை வாங்குங்கள்.

கடைமடைக்காரன்

இருவருக்கும் மிக்க நன்றி. எங்கள் குளத்துக்கு மேலே நான்கு கிலோமீட்டரில் இன்னொரு குளம் உண்டு. அதன் மறுகால் தண்ணீர் எங்கள் குளத்துக்குத்தான் வரும். இடையில் பனங்காடும் வாழையும். அங்கேயும் ஒரு கருவி வைத்தால் செய்தி வந்து சேருமா?

பதில் 3: மடைப்பலகை

பனங்காட்டுக்கு மேலே ஆன்டெனா எழும்பினால் வரும். தரையோடு தரையாக வைத்தால் ஈரமான வாழைத்தோப்பே அலையை விழுங்கிவிடும். மழைக்காலம் தொடங்கும் முன் இரு முனையிலும் ஆளை நிறுத்திச் சோதித்துப் பாருங்கள்.

மேல்குளத்தில் வைப்பது என்னைக் கேட்டால் கட்டாயம். தொடர் குளங்களில் மேலே ஒன்று உடைந்தால் கீழே உள்ளவையும் வரிசையாகப் போகும். அதே சமயம், 2023 மழை மலையில் மட்டும் பெய்ததல்ல, சமவெளியிலேயே கொட்டியது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் எவ்வளவு திறந்தார்கள் என்ற செய்தி மட்டும் அன்று உங்கள் குளத்தைப் பற்றி முழுமையாகச் சொல்லியிருக்காது. ஒரு சதுர கிலோமீட்டரில் பத்து செ.மீ. பெய்தாலே ஒரு லட்சம் கன மீட்டர் தண்ணீர். ஆகவே உங்கள் குளத்திலேயே ஒரு மழைமானியையும் அதே கம்பத்தில் பொருத்துங்கள்.

எச்சரிக்கையை மட்டத்தை மட்டும் வைத்துத் தராமல், ஏறும் வேகத்தையும் சேர்த்துத் தர வேண்டும். கரை உச்சிக்கு நாற்பது செ.மீ. இருக்கும்போது மணிக்கு ஐந்து செ.மீ. ஏறினால் எட்டு மணி நேரம் கையில் இருக்கிறது. இருபது ஏறினால் இரண்டே மணி நேரம்.

கம்பம் நடுமுன் அனுமதி வாங்கிவிடுங்கள். குளத்தால் பாசனம் பெறும் நிலப்பரப்பு, அதாவது ஆயக்கட்டு, நாற்பது ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை, குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம். சங்கு ஒலித்தால் எந்தத் தெரு எந்த மேட்டுக்குப் போவது, படுத்த படுக்கையாய் இருப்பவர்களை யார் தூக்குவது என்பதையும் சங்கக் கூட்டத்திலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். பெட்டியைக் கோயில் மைக்செட் அறையில் வைப்பதாக இருந்தால், சாவி ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டாம்.