எஃப்-150: தலைமுறை வாரியாக என்ன மாறியது, பழையது வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்?

பழையவண்டி:
ஃபோர்டின் பிக்கப் டிரக் வரிசையில் எஃப்-100, எஃப்-250 இரண்டும் 1953லேயே வந்துவிட்டன. அப்புறம் 1975ல் நடுவில் எதற்கு எஃப்-150? இன்னொன்று: இங்கே டெக்சாஸில் என் பட்ஜெட்டுக்குள் வருவது 90களின் ஆறு சிலிண்டர், இல்லையென்றால் 2004–2008ன் 5.4 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்). கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் 2015ன் அலுமினிய பாடி. ஒவ்வொன்றிலும் எங்கே அடிபடும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லீஃப்ஸ்பிரிங்:
எஃப்-150 பிறந்ததற்குக் காரணம் புகைக் கட்டுப்பாட்டு விதிதான். 1975 மாடல்களில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது, அதற்கு ஈயமில்லாத பெட்ரோல் கட்டாயம். ஆனால் வண்டி, ஆள், சரக்கு எல்லாம் சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 6,000 பவுண்டைத் தாண்டிய டிரக்குகளுக்கு அந்த விதி பொருந்தவில்லை. எஃப்-100 அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தது. ஃபோர்டு அதையே கொஞ்சம் பலப்படுத்தி, 6,050 பவுண்டு என்று பதிவு செய்து, எஃப்-150 என்று பெயர் வைத்தது. கன்வெர்ட்டர் வேண்டாம், பழையபடி ஈய பெட்ரோலே போதும். விவசாயிகளும் கட்டட வேலைக்காரர்களும் இதைத்தான் கேட்டு வாங்கினார்கள்.

1979ல் அந்த வரம்பு 8,500 பவுண்டுக்கு ஏறியதும் சலுகை போய்விட்டது. அதற்குள் பெயர் நிலைத்துவிட்டது. எஃப்-100தான் 1983 மாடலோடு நின்றது.

அடுத்த பெரிய திருப்பம் 1997. அதுவரை இரு சக்கர டிரைவ் வண்டிகளுக்கு முன்பக்கம் ட்வின் ஐ-பீம் (சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு இரும்பு பீம்கள்) சஸ்பென்ஷன், 1965லிருந்து அதேதான். முரட்டு உழைப்பு உழைக்கும். ஆனால் ஸ்பிரிங் தொய்ந்தால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து டயரின் உள்ஓரம் தேயும். 96 வரையிலான வண்டி பார்க்கப் போனால் முதலில் குனிந்து அந்த ஓரத்தைத் தடவிப் பாருங்கள். 97ல் அது போய் இரட்டைக் கை சஸ்பென்ஷன், ஓவர்ஹெட் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு மேலே இருக்கும்) வி8, உருண்டையான பாடி எல்லாம் வந்தன. கனரக எஃப்-250, எஃப்-350 மாடல்கள் 1999ல் சூப்பர் டியூட்டி என்று தனி வழி போயின. 2001ல் நான்கு முழுக் கதவோடு சூப்பர்க்ரூ. வேலை வண்டி வீட்டு வண்டியானது இந்த நான்கு வருடத்தில்தான் என்பது என் கணிப்பு.

ஸ்பேனர்14:
90களின் ஆறு சிலிண்டர் என்றால் அது 300 கன அங்குல, 4.9 லிட்டர் இன்ஜின். 1965 முதல் 1996 வரை ஓடியது. ஏழு மெயின் பேரிங், டைமிங்குக்கு பெல்ட்டோ செயினோ இல்லை, நேரடி கியர். பலவீனம் கேம் பக்கத்து ஃபைபர் கியர் ஒன்றுதான். அதைக் கழற்றும் நாளில் உலோகக் கியராக மாற்றிவிடுங்கள், சத்தம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

இன்ஜினைவிட டேங்க்கைத்தான் கவனிக்க வேண்டும். இரட்டை டேங்க் வண்டியில் உள்ளே இருக்கும் பம்ப் யூனிட்டின் வால்வு கெட்டால், ஒரு டேங்கிலிருந்து எடுத்த பெட்ரோல் இன்னொரு டேங்குக்குத் திரும்பிப் போகும். அது நிறைந்து மூடி வழியாக வழிந்தால் தீப்பிடிக்கும் அபாயம். முன் டேங்கில் போட்டு ஓட்டுங்கள், பிறகு சுவிட்சைப் பின் டேங்குக்கு மாற்றி முள்ளைப் பாருங்கள். ஏறியிருந்தால் யூனிட்டை மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

டார்க்ரெஞ்ச்:
5.4ல் இரண்டு விதம் உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். 2003 வரை வந்த (சிலிண்டருக்கு) இரண்டு வால்வு ஹெட்டில் ஸ்பார்க் பிளக்குக்கு த்ரெட் மிகக் குறைவு. அதனால் லூஸான பிளக் மேலிருக்கும் இக்னிஷன் காயிலோடு தெறித்து வெளியே வரும். 2004லிருந்து வந்த மூன்று வால்வில் நேர்மாறு, பிளக் வெளியே வராது. அதன் கீழ்ப்பகுதி நீளமான தனி உறை. அதைச் சுற்றிக் கரி கட்டிக்கொள்ளும், திருப்பினால் மேல்பாதி மட்டும் கையோடு வரும்.

கழற்றும் முறை: இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, பிளக்கை எட்டில் ஒரு பங்கிலிருந்து கால் சுற்றுக்குள் மட்டும் லூஸ் பண்ணுங்கள். அரை முதல் முக்கால் டீஸ்பூன் கார்புரேட்டர் கிளீனர் விட்டுக் குறைந்தது 15 நிமிடம் ஊற விடுங்கள். பிறகு இறுக்கி, லூஸாக்கி, இறுக்கி, முன்னும் பின்னுமாகக் கையால் மட்டும். இம்பாக்ட் கன் கூடவே கூடாது. கிறீச்சென்ற சத்தம் வந்தால் நிறுத்தி இன்னும் கொஞ்சம் கிளீனர் விடுங்கள். புதியதைப் போடும்போது நிக்கல் ஆன்ட்டி-சீஸை (ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பசை) உறைமேல் மட்டும் மெல்லப் பூசுங்கள், த்ரெட்டில் வேண்டாம். இறுக்கும் டார்க் 25 பவுண்டு-அடி.

அடுத்தது கேம் ஃபேஸர், அதாவது ஆயில் பிரஷரால் கேமின் டைமிங்கை மாற்றும் பாகம். குளிர்ந்த இன்ஜினைக் கேட்டு ஏமாறாதீர்கள். 20 நிமிடம் ஓட்டிச் சூடான பிறகு ஐட்லிங்கில் டக் டக் என்று டீசல் மாதிரி தட்டினால் ஃபேஸர் போய்விட்டது. பெரும்பாலும் மூலகாரணம் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் சீல் பிதுங்கி ஆயில் பிரஷர் இறங்குவது. ஃபேஸரை மட்டும் மாற்றினால் தட்டல் திரும்ப வரும். டென்ஷனர், கைடு, செயின், ஃபேஸர் எல்லாம் ஒரே தடவையில் போட வேண்டும். ஆயில் 5டபிள்யூ-20, ஏழு குவார்ட்.

பழையவண்டி:
மிக்க நன்றி சார். முந்தைய ஓனர் கையில் ஒரு பிளக் ஏற்கெனவே ஒடிந்திருந்தால் ஹெட்டையே இறக்க வேண்டுமா?

டார்க்ரெஞ்ச்:
தேவையில்லை. இதற்கென்றே எடுப்பான் கிட் கிடைக்கிறது. உறைக்குள் நிற்கும் பீங்கானை அதிலுள்ள கம்பியால் கொஞ்சம் கீழே தள்ளி, இடம் உண்டாக்கி, கருவியின் த்ரெட்டை உறைக்குள் ஏற்றி நேராக மேலே இழுக்க வேண்டும். டிரில் மட்டும் போடாதீர்கள், துண்டுகள் சிலிண்டருக்குள் விழும்.

தகரவேலை:
2015 பற்றி யாரும் சொல்லவில்லை. கேபினும் பின்னால் சரக்கு ஏற்றும் பெட்டும் அலுமினியம், சேஸிஸ் இன்னும் இரும்புதான். முந்தையதைவிட 700 பவுண்டு வரை எடை குறைந்தது. துரு போயே போய்விட்டது என்று விற்பவர்கள் சொன்னால் வண்டிக்கு அடியில் படுத்து ஃப்ரேமைப் பாருங்கள்.

காந்தம் வைத்துப் பட்டி பூசிய இடத்தைக் கண்டுபிடிக்கும் பழக்கம் இதில் உதவாது. பெயின்ட் தடிமன் மீட்டர் எடுத்துப் போங்கள், அதுவும் அலுமினியத்தில் படிக்கக்கூடியதாக இருக்கட்டும். டிங்கரிங் வேலையும் வேறு: பேனல்கள் ரிவெட்டும் பசையும் கொண்டு சேர்க்கப்பட்டவை. இரும்புக்குப் பயன்படுத்திய சுத்தியலையும் தேய்க்கும் டிஸ்க்கையும் இதில் தொட்டால், ஒட்டிய இரும்புத் துகளைச் சுற்றி அலுமினியம் அரித்துப் பெயின்ட் கொப்பளிக்கும். அலுமினியத்துக்கென்று தனி டூல்ஸ் வைத்திருக்கும் ஷாப் உங்கள் பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.